வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கம் 60 சென்ட் காடா கெடக்குது, அதிகம் வேலை வைக்காம எப்படி சமாளிக்கிறது?

ஓசூர்_டூ_வேலூர்:
வணக்கம். நைனா போனப்புறம் எங்க வீட்டு நிலத்த யாரும் பாக்கல, இப்போ வேலி ஓரம் பூரா சீமைக் கருவேலம், நடுவுல பார்த்தீனியம், கிணத்தாண்ட போகவே முடியாத அளவுக்கு உண்ணிச்செடி. தென்னையும் ரெண்டு மாமரமும் நல்லாத்தான் இருக்கு. அம்மா மட்டும் அங்க இருக்காங்க, நான் மாசத்துக்கு ஒரு வாட்டிதான் வர முடியும். மாமா ஜேசிபி விட்டு மொத்தமா வழிச்சிடலாம்ன்றாரு, பக்கத்து வூட்டுக்காரர் மருந்து அடின்றாரு. பூந்தோட்டம்லாம் வேணாம், அம்மா பாம்பு பயமில்லாம நடமாடணும், அவ்ளோதான்.

கணியம்பாடி_காடு:
மொத்தமா வழிக்காதீங்க சார், மேல்மண்ணு போயிடும், வெறும் தரையில அடுத்த மழைக்கு மொத ஆளா வர்றதே பார்த்தீனியம்தான். ஜேசிபி கருவேலத்துக்கு மட்டும் கூப்பிடுங்க, அத சும்மா வெட்டினா அடிக்கட்டையிலேர்ந்து கொத்து கொத்தா துளிர்க்கும், வேரோட பேத்தாதான் ஒழியும். மழை பெஞ்சி மண்ணு இளகினப்புறம் பண்ணா சுளுவு.

60 சென்ட்டையும் சுத்தமா வச்சிக்கணும்னு நெனச்சா நீங்க மாசாமாசம் வந்து களை எடுத்துட்டு திரும்பிப் போக வேண்டியதுதான். வீட்டச் சுத்தி இருபது அடி, கிணத்துக்குப் போற வழி, இத மட்டும் பிரஷ் கட்டர் (புல்லு, செடி வெட்டற மெஷின்) வச்சி ஒட்ட அடிச்சி வைங்க. மீதி இடத்துல பார்த்தீனியம் பூக்கறதுக்கு முன்னாடி ஈரத்துல புடுங்கினா போதும், ஒரு செடி 15,000 விதைக்கு மேல கொட்டும். கையுறை, முழுக்கை சட்டை இல்லாம தொடாதீங்க, சிலருக்கு அரிப்பு வந்தா லேசுல போகாது.

போளூர்_பையன்:
இன்னாத்துக்கு இவ்ளோ செலவு? ஆட்டுக்காரர கூப்பிட்டு பட்டி போடச் சொல்லு, எருவும் கெடைக்கும்.

கணியம்பாடி_காடு:
தம்பி, ஆடு புல்லு, தழைன்னு மேயும், பார்த்தீனியத்த அப்படியே விட்டுட்டு போயிடும். உண்ணிச்செடிய தின்னா ஆட்டுக்கே ஆபத்து. கருவேலங்காய் தின்னுட்டு புழுக்கை போட்டா நெலம் பூரா விதை வேற. மொதல்ல அதுங்கள ஒழிச்சிட்டு அப்புறம் ஆடு விடலாம்.

ஆற்காடு_அக்கா:
ரெண்டு பேரும் வெட்டறதையே பேசறீங்க, வெட்டின எடத்த மூடலன்னா திரும்ப மொளைக்கத்தானே செய்யும். மாமரத்தடியில எண்ணெய் மில்லுல கெடைக்கிற மல்லாட்ட (வேர்க்கடலை) தோலு, தென்ன மட்டை, ஓலை இதெல்லாம் அரை அடி உசரத்துக்கு போடுங்க, அடிமரத்த ஒட்டிப் போடாம கொஞ்சம் தள்ளி, இல்லன்னா கரையான் ஏறும். வீட்டாண்ட மட்டும் இந்த மாதிரி மூடாக்கே வேணாம், தேளு பாம்பெல்லாம் அதுலதான் குடியிருக்கும். வெறும் எடத்துல ஆடி மழைக்கு சணப்பை இல்ல தட்டைப்பயறு, புரட்டாசியில கொள்ளு, நெருக்கமா வீசி விட்டா களை தலை தூக்காது. நம்ம பக்கம் ரெண்டு பருவ மழையும் கெடைக்கறதால தண்ணி பாய்ச்ச ஆளு தேட வேணாம். வேலி ஓரம் நொச்சி, ஆடாதொடை நடுங்க, ஆடு மாடு தொடாது.

மருந்து விஷயம்: பக்கத்து வூட்டுக்காரர் கிளைபோசேட்ன்ற களைக்கொல்லியதான் சொல்றாருன்னா, அத பெஸ்ட் கன்ட்ரோல் ஆளுங்க மூலமாதான் அடிக்கணும்னு 2022ல மத்திய அரசு உத்தரவு போட்டுச்சி. கிணறு வேற பக்கத்துல, வேணாம்ப்பா.

காட்பாடி_ஜங்ஷன்:
பாம்பு வர்றதே எலிக்குதான். வெறகு, ஓடு, செங்கல் குமிச்சி வைக்காதீங்க. கண்ணாடி விரியன் சருகுல கெடந்தா கண்ணுக்கே தெரியாது, அம்மாவுக்கு டார்ச்சும் நல்ல செருப்பும் வாங்கிக் குடுங்க. வீட்டுக்குள்ள வந்துச்சின்னா தீயணைப்புக்கு போன் போடுங்க. கடிச்சிட்டா கீறறது, இறுக்கிக் கட்டறதுலாம் வேணாம், நேரா அடுக்கம்பாறை ஜிஎச்.

ஓசூர்_டூ_வேலூர்:
நன்றி எல்லாருக்கும். மாமாவ சமாளிக்கறதுதான் பெரிய வேலை. அந்த கருவேலங்கட்டைய யாராவது எடுத்துப்பாங்களா?

போளூர்_பையன்:
கரி சுடறவங்க எடுப்பாங்கண்ணா, காசும் குடுப்பாங்க. ஆனா மரத்த வெட்டிட்டு கட்டைய அப்படியே வுட்டுட்டுப் போயிடுவாங்க, வேரையும் தோண்டணும்னு மொதல்லயே பேசிட்டு அப்புறம் வெட்ட வுடுங்க.