மாயாவியை வரைந்தது யார்?

தக்கலைப் பையன்:
ஓடு மாற்றுவதற்காக மச்சில் கிடந்ததையெல்லாம் இறக்கியபோது அப்பாவின் தகரப்பெட்டியில் நாலு பழைய முத்து காமிக்ஸ் கிடைத்தன. மூன்றைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரு இரும்புக்கை மாயாவி, அதுவும் அட்டை இல்லாமல். சும்மா புரட்டலாம் என்று உட்கார்ந்தவன் பாதி ராத்திரி வரை எழுந்திருக்கவில்லை. கதை கொஞ்சம் பூச்சுற்றல்தான், ஆனால் அந்தப் படங்கள்! ஆளே இல்லாத இடத்தில் ஒரு கை மட்டும் தொங்குவதைப் பார்த்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது. வரைந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வடசேரிக்காரன்:
தம்பி, அவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்சிலோனாவில் பிறந்த ஸ்பெயின்காரர், 1995-ல் காலமானார். ஹெசூஸ் என்றால் நம்ம இயேசுதான், தெருவுக்கு நாலு இயேசுதாசன் இருக்கிற மாவட்டத்தில் இந்தப் பேர் மறக்கவே மறக்காது. பேர் போடாததற்கு முத்து காமிக்ஸ் போட்ட சிவகாசிக்காரர்களைத் திட்ட வேண்டாம். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழில் தொடராக வந்தபோதே ஓவியர் பேர் போடும் வழக்கம் அங்கே இல்லை. 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் புத்தகமே மாயாவிதான்.

ஹீரோ கண்ணுக்கே தெரிய மாட்டான் என்றால் வரைகிறவன் பாட்டை யோசித்துப் பாருங்கள். முகம் இல்லை, உடம்பு இல்லை, கோபமா பயமா என்பதை அந்த ஐந்து இரும்பு விரல்களும் எதிரே நிற்கிறவனின் பிதுங்கிய கண்ணும்தான் சொல்ல வேண்டும். மனுஷன் அதைக் கறுப்பு மையை வைத்தே சாதித்தார். நிழலை அப்பிவிட்டு, கை மேல் மட்டும் வெளிச்சத்தை விடுவார். அந்தப் பளபளப்பு வெறும் வெள்ளைத் தாள் என்பது எனக்குப் புரியவே நாற்பது வயசாயிற்று. ஒன்று, எல்லா மாயாவி கதையும் இவர் வரைந்ததல்ல. கை பொம்மைக் கை மாதிரி விறைப்பாக நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

குளச்சல் ராணி:
பூச்சுற்றல் என்றா சொன்னீர்கள் தம்பி? முதல் கதையை ஒழுங்காகப் படியுங்கள். மாயாவியாகிற லூயிஸ் கிராண்டேல் நல்லவனே இல்லை! ஆய்வகத்தில் உதவியாள், வலது கை போனவன், மின்சாரம் தாக்கி உடம்பு மறைந்ததும் முதலில் புத்தி போவது தப்பு வழியில்தான். திருந்தி உளவு வேலைக்கு வருவதெல்லாம் அப்புறம். பிளாஸ்கோவும் அவனை அழகனாக வரையவில்லை, ஒட்டிய கன்னமும் சிடுசிடுப்புமாகத்தான் வரைந்திருக்கிறார், எனக்குப் பிடித்ததே அதுதான். பின்னால் ஒரு சூப்பர்ஹீரோ உடுப்பை மாட்டிவிட்டார்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. மறைந்து போகிறவனுக்கு எதற்கு உடுப்பு?

சின்ன வயசில் என் அண்ணன் மறையப் பார்த்து பிளக்குக்குள் கம்பியை விட்டான். மறையவில்லை, அம்மா கையில் நன்றாகவே அகப்பட்டான்.

தக்கலைப் பையன்:
அக்கா, சிரித்து முடியவில்லை. பூச்சுற்றல் என்றதை வாபஸ் வாங்குகிறேன். என் புத்தகத்தில் கடைசி ஆறு பக்கம் இல்லை, யாரிடமாவது முழுசாக இருக்குமா?

வடசேரிக்காரன்:
மறுபதிப்புகள் வந்திருக்கின்றன, தேடிப் பாரும். என்னிடம் பழையதே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம், சாயாவும் உண்டு. இரவல் மட்டும் கேட்கக் கூடாது மக்கா.