கடற்பாசியைத் தொட்டிச் செடிகளுக்கு நேரடியாக இடலாமா?

மாடித்தோட்டக்காரி, இராமநாதபுரம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் இருபது குரோ பேக்குகளில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் வளர்த்து வருகிறேன். சென்ற மாதம் மண்டபம் கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசியை என் தம்பி ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்தான். அதை ஒருமுறை மட்டும் அலசி, ஈரம் காயும் முன்பே ஆறு மிளகாய்ப் பைகளில் மூடாக்காகப் பரப்பினேன். பத்தே நாளில் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகத் தொடங்கின. மூடாக்கை விலக்கிப் பார்த்தால் மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. கடையில் விற்கும் கடற்பாசித் திரவம் செடிக்கு நல்லது என்று எல்லாரும் சொல்லும்போது, அந்தப் பாசியையே இட்டதில் என்ன பிழை நேர்ந்தது? முக்கால் சாக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது?

இயற்கை உழவர், தேவகோட்டை:
அம்மா, பூத்திருப்பது உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பாசி காயும்போது தண்ணீர் போய்விடும், உப்பு அதன்மேலேயே படிந்து நிற்கும். நீங்கள் ஊற்றிய ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுபோயிருக்கிறது. வயலாக இருந்தால் ஒரு பெருமழை அதை ஆழத்துக்கு இறக்கிவிடும், பைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. உங்கள் ஊரில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மூடாக்கை எடுத்துவிட்டு, மேல்மண்ணை ஒரு விரற்கடை அளவு சுரண்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒவ்வொரு பைக்கும் அதிலுள்ள மண்ணின் கொள்ளளவைப் போல இரு மடங்கு மழைநீரோ நல்ல தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடிய விடுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். வடிந்த நீரைச் செடி மறுபடி உறிஞ்சக் கூடாது.

கடைத் திரவம் இதிலிருந்து வேறுபட்டது. மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கிறார்களே, கப்பாஃபைகஸ் என்னும் பாசி, அதைப் பச்சையாக அரைத்துச் சாற்றைப் பிழிந்து வடிகட்டினால் தெளிப்புத் திரவம் கிடைக்கும். சக்கை கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் எடுக்கப் போகும். சாற்றில் சாம்பல் சத்து கணிசமாக இருந்தாலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவுதான். சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் சிறிதளவிலேயே வேலை செய்வதால்தான் அதை லிட்டருக்குச் சில மில்லி என்ற கணக்கில் கலந்து தெளிக்கிறோம். 2021-இல் மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோதும் கடற்பாசிச் சாறு உயிரி ஊக்கிகள் என்ற தனி வகையில்தான் சேர்ந்தது. ஆகவே எருவும் மண்புழு உரமும் இட்டு வளரும் செடிக்கு அது துணை. அவற்றுக்கு மாற்றாக அதை நம்பினால் செடி பசியோடு நிற்கும்.

கடலோரத்துக்காரன், பருத்தித்துறை:
வணக்கம் சகோதரி. எங்கள் பக்கம் கரையொதுங்குவதைச் சாதாழை என்போம். என் அப்பு அதை மாரிக்கு முன்பே வளவின் மூலையில் குவித்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன்மேல் கொட்டித் தீர்த்த பிறகே, தை மாதத்தில் தென்னம்பிள்ளைகளைச் சுற்றிப் பாத்தி வெட்டித் தாழ்ப்பார். காரணத்தை அவர் விளக்கியதில்லை. மழை உப்பைக் கழுவியது என்பது உங்கள் பதிவைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஆனாலும் தென்னை உப்பைத் தாங்கும் மரம், மிளகாய் அப்படியல்ல.

பாசி சேகரிப்போர் குடும்பம், மண்டபம்:
உங்கள் தம்பி அள்ளியது எது என்று முதலில் பாருங்கள். பழுப்பு நிறத்தில், மிளகு அளவுக் காற்றுக்குமிழ்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்து, பச்சையாக நசுக்கும்போது வெடித்தால் அது கட்டக்கோரை. நாடாப் போன்ற நீண்ட இலையும் வேரும் இருந்தால் அது பாசியே அல்ல, கடல்புல். அதுவும் மட்கும், ஆனால் மெதுவாக. எங்கள் வீட்டில் செய்வது இதுதான்: மூன்று, நான்கு தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்து உப்புக் கரிக்காத நிலை வந்ததும் நறுக்குவோம். ஒரு பங்கு பாசிக்கு மூன்று பங்கு காய்ந்த சருகும் சாணமும் சேர்த்துக் குவித்து, வாரம் ஒருமுறை கிளறுவோம். கிளறாவிட்டால் காற்றுப் போகாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். மூன்று மாதத்தில் கருத்து உதிரியாகிவிடும். பழுப்புப் பாசிகள் கடலிலுள்ள ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளையும் இழுத்து வைப்பவை என்பதால், காய்கறிப் பைகளில் கலவையில் ஒரு கைப்பிடிக்கு மேல் நாங்கள் இடுவதில்லை. இன்னொன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: கரையில் தானாக ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. பாறையில் உயிரோடு ஒட்டியிருப்பதைப் பிடுங்கினால் அங்கே குஞ்சு மீன்களுக்கு ஒதுங்க இடமிருக்காது.

மாடித்தோட்டக்காரி, இராமநாதபுரம்:
ஐயா சொன்னபடியே ஆறு பைகளையும் கழுவினேன். முதலில் வடிந்த நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தபோது உப்பு நன்றாகவே தெரிந்தது. மூன்று வாரம் ஆகிறது. கருகிய பழைய இலைகள் தேறவில்லை, இரண்டு செடிகள் போய்விட்டன. மற்ற நான்கிலும் புதுத் துளிர் நுனி கருகாமல் விரிந்திருக்கிறது. மிச்சம் இருந்தது கட்டக்கோரைதான். நான்கு தண்ணீரில் அலசிச் சருகோடு குவித்துவிட்டேன்.