படம் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும்

வணக்கம். மூன்று வருடமாக ஆசைக்காகப் புகைப்படம் எடுக்கிறேன், கையில் ஒரே ஒரு 50 மிமீ லென்ஸ். கொஞ்ச நாளாகக் கேமராவைத் தொடவே தோன்றவில்லை.

போன வாரம் மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர் தண்ணீரில் காலை வெயில் பட்டு, சுவரில் மீன் செதில் மாதிரி வெளிச்சம் ஆடியது. லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தால் டம்ளரின் விளிம்பு மட்டும் கூர்மை, சுவர் கரைந்துவிட்டது. துளையைச் சுருக்கிய எஃப் 8-இல் செதில்கள் தெளிவாக வந்தன, ஆனால் அந்த மென்மை போய்விட்டது. எது நல்ல படம்? கேட்க ஆள் இல்லை. வீட்டில் எதைக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு’தான்.

அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் விவியன் மையர் ஒரு லட்சத்துக்கும் மேல் படம் எடுத்தும் பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை. 2007-இல் ஏலத்துக்கு வந்த பிறகே அவை உலகத்துக்குத் தெரிந்தன. அந்த மன உறுதி எனக்கு இல்லை. யாராவது பார்த்துச் சொன்னால்தான் அடுத்த படத்துக்குக் கை வருகிறது.

நாலைந்து பேர் சேர்ந்து, வாரம் ஒரு தலைப்பில் எடுத்து, ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக் குறையும் சொல்லிக்கொள்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கை ஓய்ந்துபோகும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பார்த்த இடத்துக்கே திரும்பப் போவீர்களா, இல்லை கொஞ்ச நாள் விட்டுவிடுவீர்களா?