அயோவிலிருந்து நொடிக்கு ஒரு டன் வெளியேறுகிறதாமே, கணக்கு உதைக்கிறதே?

கேள்விக்கொக்கி:
வணக்கம். வியாழனைச் சுற்றி நிற்கும் கந்தக, ஆக்சிஜன் அயனிகள் எல்லாம் அதன் நிலவான அயோவின் எரிமலைகள் தந்தவை, நொடிக்குச் சுமார் ஒரு டன் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது. சரி, போட்டுப் பார்ப்போம் என்று தாளை எடுத்தேன். பெலே எரிமலை பீய்ச்சுவது ஏறக்குறைய 300 கி.மீ. உயரம். அயோவின் ஈர்ப்பு முடுக்கம் 1.8 மீ/வி². அப்படியானால் கிளம்பும் வேகம் நொடிக்கு 1 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அயோவின் பிடியிலிருந்து தப்பத் தேவையான விடுபடு வேகமோ 2.5 கி.மீ. பாதிகூடத் தேறவில்லை. மேலே போனதெல்லாம் திரும்பத் தரையில்தானே விழ வேண்டும்? அந்த ஒரு டன் எந்த வழியாகப் போகிறது?

பழைய_வாத்தியார்:
கணக்கு சரிதான் தம்பி. "எரிமலை விண்வெளிக்கு வீசுகிறது" என்று எழுதுகிறார்களே, அங்கேதான் கோளாறு. எரிமலையின் வேலை சரக்கை மேலே கொண்டுவந்து வைப்பதோடு முடிந்தது. தரையில் சல்ஃபர் டை ஆக்சைடு உறைபனி, அதன்மேல் அதே வாயுவில் ஒரு மெல்லிய காற்று மண்டலம். மெல்லிய என்றால், நம் காற்றழுத்தத்தில் நூறு கோடியில் சில பங்கு. அதை வெளியே தட்டிவிடுவது வேறு ஆள்.

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். அதன் காந்தப்புலமும் கூடவே சுற்றும், புலத்தில் மாட்டிய அயனிகளும் சுற்றும். அயோ இருக்கும் 4,22,000 கி.மீ. தூரத்தில் அந்த வேகம் நொடிக்கு 74 கி.மீ. அயோ தன் பாதையில் போவது 17 கி.மீ. வேகத்தில்தான். ஆகவே மின்னூட்டம் பெற்ற இந்த அயனிக் கூட்டம், அதாவது பிளாஸ்மா, பின்னாலிருந்து வந்து, 57 கி.மீ. வேகத்தில் அயோவின் முதுகில் அறைந்துகொண்டே இருக்கிறது. இந்த அடி வாங்கும் அணுவுக்கு உங்கள் 2.5 கி.மீ. ஒரு பொருட்டா?

தெறித்த அணுக்களுக்கு அப்போது மின்னூட்டம் கிடையாது. அயோவின் பாதையை ஒட்டி ஒரு மேகமாகச் சும்மா மிதக்கும். பிறகு ஓர் எலக்ட்ரான் மோதி இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்கும், அல்லது பக்கத்தில் போகும் அயனியே பறித்துக்கொள்ளும். மின்னூட்டம் வந்த அந்தக் கணமே காந்தப்புலம் கையைப் பிடித்துவிடும். ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்தவன் கதிதான்: ஒரே இழுப்பில் 17-லிருந்து 74. இந்த இழுப்பில் ஒரு கந்தக அயனிக்குக் கிடைப்பது 500 எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல். அது எலக்ட்ரான்களுக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியில் புற ஊதா ஒளியாக ஒரு லட்சம் கோடி வாட்டுக்கு மேல் வெளியேறுகிறது. சக்தி எல்லாம் வியாழனின் சுழற்சியிலிருந்து வருவது. எரிமலைச் சூட்டுக்கு இதில் பங்கே இல்லை.

வியாழனைச் சுற்றி வளையமாக நிற்கும் இந்தப் பிளாஸ்மாவின் தடயம் எரிமலைகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1976-ல் இஸ்ரேலியக் குழு ஒன்று தரையிலிருந்தே கந்தக அயனியின் ஒளியைப் பதிவு செய்தது. லிண்டா மொராபிட்டோ வாயேஜர் 1 விண்கலத்தின் படத்தில் எரிமலையைக் கண்டது 1979 மார்ச்சில்தான்.

குறுக்கலை:
இந்த அயோ-வியாழன் விவகாரத்தை ரேடியோவில் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே! 1955-ல் பர்க், ஃபிராங்க்ளின் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் வியாழனைப் பிடித்தார்கள். 1964-ல் ஆஸ்திரேலியாவின் பிக், அயோ குறிப்பிட்ட இடங்களில் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் அதிகம் வருகிறது என்று காட்டினார். அயோவுக்கும் வியாழனுக்கும் இடையே காந்தக் கோடு வழியாக லட்சக்கணக்கான ஆம்பியர் ஓடுவதன் விளைவு அது.

நான் மாடியில் கட்டியிருப்பது 20.1 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனா, முனைக்கு முனை ஏறக்குறைய 7 மீட்டர். நள்ளிரவுக்குப் பிறகு, வியாழன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. சில நாள் ஏறி இறங்கும் நீண்ட இரைச்சல், சில நாள் படபடவென்று வெடிப்பு. பெரும்பாலான நாள் பக்கத்து வீட்டு எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும்தான். அதைச் சலித்து எடுக்கப் பொறுமை வேண்டும்.

சும்மா_பார்வையாளன்:
இப்படியே போனால் அயோ தீர்ந்துவிடாதா?

பழைய_வாத்தியார்:
450 கோடி வருடம் இதே வேகத்தில் போனாலும் அதன் எடையில் 0.2 சதவீதம்கூடக் குறையாது. கவலைப்படாமல் தூங்குங்கள்.

கேள்விக்கொக்கி:
புரிந்தது சார், நன்றி. ஆனால் ஒரு சிக்கல். பிளாஸ்மா அடித்தால் அணு தெறிக்கிறது, அதுவே பிளாஸ்மாவாகி இன்னும் பலமாக அடிக்கிறது. அப்படியானால் இது கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டே போக வேண்டாமா?

பழைய_வாத்தியார்:
நல்ல கேள்வி. இரண்டு தடை இருக்கிறது. அயோவின் மேல் காற்றே ஓரளவு அயனியாகிக் கிடப்பதால், அதில் ஓடும் மின்னோட்டம் வருகிற பிளாஸ்மாவில் பெரும்பகுதியைச் சுற்றிப் போகும்படி திருப்பிவிடுகிறது. நேராக அடிப்பது மிச்சம்தான். இன்னொன்று, வளையத்தில் சரக்கு கனக்கக் கனக்க, சுழற்சி அதை வெளிப்பக்கம் தள்ளும் வேகமும் கூடும். சாதாரணமாகச் சில வாரங்களில் ஓர் அயனி அங்கிருந்து கிளம்பிவிடும். அதன் இடத்துக்கு வெளியிலிருந்து உள்ளே இறங்கும் சூடான துகள்களில் ஒரு பங்குதான் முடுக்கம் பெற்று, ஜூனோ விண்கலம் தன் மின்னணுப் பாகங்களை டைட்டானியப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கும்படி செய்கிற கதிர்வீச்சுப் பட்டையாகிறது.

எரிமலை பொங்கினால் வளையமும் பொங்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2015 தொடக்கத்தில் அயோவிலிருந்து தப்பி வியாழனைச் சுற்றி நிற்கும் சோடியம் மேகம் நன்றாகப் பிரகாசமானது. அதே சமயம் பிளாஸ்மா வளையத்தில் ஏற்பட்ட மாற்றத்தை ஜப்பானின் ஹிசாகி செயற்கைக்கோள் பதிவு செய்தது. ஆனால் அகச்சிவப்பில் தெரியும் பெரிய வெடிப்பு ஒவ்வொன்றுக்கும் வளையம் பதில் சொல்வதில்லை. எரிமலைக்குழம்பு எவ்வளவு வழிந்தாலும் வாயு குறைவாக இருந்தால் மேலே போகச் சரக்கேது?