ஃபோர்ட் கொச்சில குடும்பத்தோட குடியேறலாமா?

தேனிப்பையன்:
எர்ணாகுளம் ஹைகோர்ட் பக்கம் வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் சேரணும். வீட்ல ஃபோர்ட் கொச்சிதான் வேணும்னு ஒரே புடி. அது டூரிஸ்ட் ஊராச்சே, அக்கம்பக்கம்னு ஒண்ணு இருக்குமா? மலையாளம் சுத்தமா வராத எங்கம்மா யார்கிட்ட பேசுவாங்க?

கப்பக்கெழங்கு:
டூரிஸ்ட் சுத்துறது சீனவலை, பிரான்சிஸ் சர்ச் இருக்குற நாலு தெரு. அங்க வீடு தேடாதீங்க ப்ரோ, காலியானா ஹோம்ஸ்டே ஆக்கிடுறாங்க, வாடகை எகிறும். பக்கத்துலயே இருக்குற மட்டாஞ்சேரிக்கு உள்ள வாங்க. மிளகு யாவாரத்துக்கு வந்த குஜராத்தி, கட்ச் பக்கத்து மேமன் முஸ்லிம், போர்ச்சுகீசியன் தொல்லை தாங்காம கோவாவ விட்டு வந்த கொங்கணிக்காரங்கன்னு எல்லாரும் நடந்து போற தூரத்துல இருக்காங்க. ஜைனக் கோயில்ல மதியம் புறாவுக்கு தீனி போடுவாங்க, அம்மாவ கூட்டிட்டு போங்க.

வெளிக்காரி:
அம்மா பேச்சுத்துணைக்கா கவலப்படுறீங்க? வெளிங்குற ஏரியால தோபிகானா இருக்கே, அங்க துணி வெளுக்குறவங்க தமிழ் ஆளுங்கதான். டச்சுக்காரன் பட்டாளத்து துணி தொவைக்க கூட்டிட்டு வந்தான்னு அவங்களே சொல்வாங்க, தலைமுறை தலைமுறையா இங்கதான், ஆனா வீட்ல பேசுறது இன்னும் தமிழ். மைதானம் பூரா காயுது துணி, ஒரு கிளிப் கெடயாது, ரெண்டு கயித்த சேத்து முறுக்கி நடுவுல முனைய செருகிடுறாங்க, எந்தக் காத்துக்கும் அசையாது. நான் அதப் பாத்துதான் எங்க மாடில அப்படி கட்டினேன்.

உப்புத்தண்ணி:
ரொம்ப உருகாதீங்கப்பா. மட்டாஞ்சேரில யூதத் தெருன்னு போர்டு இருக்கு, யூதருங்க எங்க? 1948ல இஸ்ரேல் உருவான பெறகு கொஞ்சங்கொஞ்சமா கெளம்பிட்டாங்க, அங்கயே இருந்த சாரா கோஹன் பாட்டியும் 2019ல இறந்துட்டாங்க. அவங்க எம்ப்ராய்டரி கடைய கூடவே நின்னு பாத்துக்கிட்டது ஒரு முஸ்லிம் ஆளு, அத மட்டும் ஒத்துக்குறேன். நீங்க வீடு பாக்குறப்போ கேக்க வேண்டியது வேலியேற்றம், அதாவது கடல் ஏத்தம். கடல் ஏறுனா ஓடை வழியா உப்புத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும், மழையே வேணாம். சுவரு கீழ உப்பு பூத்திருந்தா அட்வான்ஸ் குடுக்காதீங்க, புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் சந்தேகப்படுங்க.

தேனிப்பையன்:
நன்றி நன்றி. ஆபீஸ் போக பஸ்ஸா போட்டா?

கப்பக்கெழங்கு:
போட்டுதான், தோப்பும்படி பாலம் சுத்துனா காலைல நாசம். 2024லேர்ந்து வாட்டர் மெட்ரோ படகு ஹைகோர்ட்டுக்கே போகுது, ஏசி, ஆனா லீவு நாள்ல க்யூ தாங்காது. டிசம்பர் 31 அன்னிக்கு மட்டும் வண்டிய வெளிய எடுக்காதீங்க, பாப்பாஞ்சிங்குற பெரிய பொம்மைய எரிக்கிறத பாக்க மொத்த ஜில்லாவும் இங்கதான் நிக்கும்.