கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் சொட்டுது, உதவி வேணும் (அவசரம்)

மழைக்கால் எழுதியது:
பழைய பைக். நிறுத்தி வெச்சா அடியில் பெட்ரோல் சொட்டுது. ஓட்டும்போது தெரியல. கார்பு முழுசா மாத்தணுமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

திருப்புளி:
எந்த மாதிரி வண்டி? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? சொட்டுறது டேங்க் அடியில் இருக்கிற பெட்ரோல் டேப்பிலிருந்தா, ஹோஸ் கிளிப்பிலிருந்தா, பௌல் (கார்பின் அடியில் பெட்ரோல் தேங்குற கிண்ணம்) இணைப்பிலிருந்தா, அடியில் தொங்குற ஓவர்ஃப்ளோ டியூபிலிருந்தா? டேப்பை மூடினா நிக்குதா?

நாலுஓட்டை:
பழைய வண்டின்னா டேப்தான். லீவருக்குப் பின்னாடி இருக்கிற நாலு ஓட்டை ரப்பர் காய்ஞ்சு இறுகிடும். டேங்க்கை காலி பண்ணிட்டு, முன்னாடி உள்ள ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி ரப்பரை மாத்துங்க. அலை மாதிரி வளைஞ்ச வாஷரைத் தொலைச்சிடாதீங்க. அதன் அழுத்தம் இல்லாம புது ரப்பரும் கசியும்.

வால்வுராஜா:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் இல்லை. கசிவு எங்கே என்று கூடப் பார்க்காமல் கார்பு மாற்றுவதைப் பற்றிக் கேட்கக் கூடாது. எல்லாவற்றையும் துணியால் துடைத்து உலரவிட்டு, இணைப்புகளில் சாக்பீஸ் தூள் தடவுங்கள். டேப்பைத் திறந்ததும் முதலில் எது நனைகிறதோ அதுதான் இடம். பெட்ரோல் எப்போதும் கீழே வழிந்து வந்துதான் சொட்டும். சொட்டும் இடத்தைக் கசியும் இடம் என்று எண்ணாதீர்கள்.

மழைக்கால்:
ஃபோர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். அடியில் இருக்கிற சின்ன டியூப் வழியா வருது. டேப் மூடினா கொஞ்ச நேரத்துல நின்னுடுது. நான் டேப் மூடுறதே இல்ல.

திருப்புளி:
அப்போ டேப் நல்லா இருக்கு. பௌலுக்குள்ள மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ குழாய் வழியா வெளியே வருது. பார்க்க வேண்டியது பௌலுக்குள்ள மிதக்கிற ஃப்ளோட்டும், மட்டம் ஏறினதும் பெட்ரோல் வர்ற வழியை அடைக்கிற நீடிலும்.

வண்டி ஆறினதும் டேப்பை மூடி, பௌலைக் கழட்டுங்க. பக்கத்தில் நெருப்போ எரியும் விளக்கோ கூடாது. ஃப்ளோட் பின்னைத் தள்ளி ஃப்ளோட்டை எடுங்க. நீடில் முனையில் வளையம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தா மாத்தணும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்க. உள்ளே பெட்ரோல் ஆடினா ஓட்டை, அது மிதக்காது. நீடில் உட்கார்ற சீட்டை கார்பு கிளீனர் விட்டுப் பஞ்சுக் குச்சியால் துடைங்க, உப்புத்தாள் வேண்டாம்.

பொருத்தும்போது ஃப்ளோட் உயரம் அளக்கணும். கார்பைச் சாய்ச்சுப் பிடிச்சு, ஃப்ளோட் நாக்கு நீடிலின் ஸ்ப்ரிங் முனையைத் தொட்டும் அழுத்தாத நிலையில் அளங்க. தலைகீழா வெச்சு அளந்தா ஸ்ப்ரிங் அமுங்கித் தப்பான அளவு வரும். சரியான அளவு உங்க கார்பின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

பஞ்சர்கிட்:
பௌலைத் திறக்கும்போதே அதன் விளிம்பில் இருக்கிற ரப்பர் கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் சீலன்ட் தடவிடுங்க. இனி கசியவே கசியாது.

வால்வுராஜா:
தயவுசெய்து வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பும், நூல் நூலாகப் பிரிந்து பெட்ரோல் போகும் நுண்ணிய துளையான பைலட் ஜெட்டை அடைக்கும். அவருக்குக் கசிவு கேஸ்கெட்டிலும் இல்லை.

பஞ்சர்கிட்:
நிறைய பேர் தடவுறாங்க, வண்டி ஓடுது.

நாலுஓட்டை:
ஓடும், ஜெட் அடைபடும் வரைக்கும். நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் சின்ன விஷயம், அதையே மாத்தலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் உப்பிடும். உப்பின கேஸ்கெட் பள்ளத்துல உட்காராது, அதனாலதான் பலரும் சீலன்ட் பக்கம் போறாங்க.

பஞ்சர்கிட்:
பெட்ரோல் தாங்குற சீலன்ட் தனியா இருக்கே.

வால்வுராஜா:
இருக்கிறது. பிரித்துக் கழுவ வேண்டிய இடத்தில் எதற்கு?

மழைக்கால்:
நீடில், சீட் சுத்தம் பண்ணி புது நீடில் போட்டேன். உயரமும் சரி. இன்னும் சொட்டுது.

திருப்புளி:
அப்போ பௌலுக்குள்ள நிக்கிற பித்தளை ஓவர்ஃப்ளோ குழாயைப் பாருங்க. அதுல மயிரிழை விரிசல் விட்டா, மட்டம் சரியா இருந்தும் சொட்டும். பௌலைக் கழட்டி, அடியில் பெட்ரோலை வடிக்கிற டிரெயின் ஸ்க்ரூவை இறுக்கி, குழாய் உச்சிக்குச் சற்றுக் கீழே வரைக்கும் பெட்ரோல் ஊத்தி, உலர்ந்த தாள் மேல் பிடிங்க. ஒரு மட்டத்துக்கு இறங்கி நின்னா, விரிசல் அங்கேதான். முழுக்கக் காலியானா டிரெயின் ஸ்க்ரூவின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) அல்லது குழாயின் அடி.

நாலுஓட்டை:
டிரெயினில் உள்ளே தெரியுற டியூப் மாட்டி மட்டம் பார்க்கலாமே?

திருப்புளி:
பல கார்புகளில் டிரெயினும் ஓவர்ஃப்ளோவும் ஒரே முனையில்தான் வெளியே வரும். டியூபைத் தூக்கிப் பிடிச்சா சொட்டுறது நின்னுடும், விரிசல் இருக்கிறதே தெரியாது.

வால்வுராஜா:
விரிசல் என்றால் பௌலையே மாற்றுவது நல்லது. விரிசலைப் பற்றவைத்து அடைப்பதானால் பெட்ரோல் துளியும் இல்லாமல் கழுவி உலர்த்திய பிறகுதான். இன்னொன்று, நீடில் பழுதாக இருந்த நாட்களில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் தேயும். கிக்கர் அசையாமல் நின்றால் வலிந்து மிதிக்காதீர்கள், ப்ளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல மிதித்துப் பெட்ரோலை வெளியேற்றுங்கள். ப்ளக் துளைக்கு நேரே முகத்தையோ தீப்பொறியையோ கொண்டு போகக் கூடாது.

மழைக்கால்:
விரிசல்தான். பௌல் மாத்தியாச்சு, நின்னுடுச்சு. நன்றி.

திருப்புளி:
நல்லது. இனி நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்க. ஆயிலைப் பார்த்தீங்களா?

பஞ்சர்கிட்:
சீலன்ட் பத்தி தனி இழை போடுறேன், அங்கே பேசுவோம்.

திருப்புளி:
மழைக்கால், ஆயில் மட்டம் என்ன ஆச்சு?