வைஃபை பட்டியலில் 14 கருவிகள், வீட்டில் இருப்பதோ 6. என்ன செய்வது?

சிப்புட்_டீச்சர்:

வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். மூன்று வருடத்துக்கு முன்பு ஃபைபர் இணைப்பு போட்டோம். மாட்ட வந்த பையன் பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று கேட்டபோது, மறக்காமல் இருக்கட்டும் என்று வீட்டுக்காரருடைய கைப்பேசி எண்ணைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதேதான். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகள், டியூஷனுக்கு வரும் மாணவர்கள், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம், யாரையும் குறை சொல்ல முடியாது.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் நகரவே இல்லை. மகள் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 14 கருவிகள் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் எண்ணினால் டிவியையும் பிரிண்டரையும் சேர்த்து ஆறுதான்.

மெதுவாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டுக்காரர் கோவில் கமிட்டியில் பொருளாளர், திருவிழா வசூல் கணக்கு முழுவதும் இதே கணினியில் இருக்கிறது, வங்கி வேலையும் இதிலேயே செய்கிறார். அது ஊர்ப் பணம். வெளியாள் யாராவது அதைப் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பால்மரம்77:

டீச்சர், பதறாதீர்கள், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். நான் இதே வட்டாரத்தில் கணினி பழுது பார்க்கிறேன், பத்து வீட்டுக்குப் போனால் ஏழு எட்டு வீட்டில் பாஸ்வேர்டு கைப்பேசி எண்ணாகவோ ஐசி (அடையாள அட்டை) எண்ணாகவோதான் இருக்கிறது.

அந்த 14 எல்லாமே வெளியாட்கள் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். சில மோடங்கள் முந்தாநாள் வந்து போன கருவியையும் பட்டியலில் வைத்திருக்கும். புது ஃபோன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணை, மறைத்து வேறொன்றைக் காட்டும், அதனால் பட்டியலில் பெயரை வைத்து எது யாருடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஒவ்வொன்றாகத் துப்பறிவதைவிடப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு யார் திரும்ப வருகிறார்கள் என்று பார்ப்பது எளிது.

கைப்பேசி எண் ஏன் ஆகாது என்பதைச் சொல்கிறேன். நம் ஊர் எண் 01 என்று தொடங்கும், பத்து இலக்க எண் என்றால் மிச்சம் எட்டு இலக்கம், மொத்தம் 10 கோடி வாய்ப்பு. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் உங்கள் ஃபோன் வைஃபையில் ஏறும்போது மோடத்துடன் பரிமாறிக்கொள்ளும் சில தகவல்களைத் தெருவில் நிற்கும் ஒருவர் பிடித்துக்கொண்டு போய்விட்டால், அதற்கப்புறம் அவர் உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டியதில்லை. தன் வீட்டில் உட்கார்ந்து, கேம் விளையாடும் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை வைத்து விநாடிக்கு லட்சக்கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 10 கோடியும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் விஷயத்தில் அதுகூடத் தேவையில்லை டீச்சர், பொருளாளர் எண் திருவிழா நோட்டீஸிலேயே அச்சாகியிருக்குமே.

இரண்டு பாஸ்வேர்டு இருக்கிறது, நிறைய பேர் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒன்று வைஃபையில் ஏறுவதற்கு. இன்னொன்று மோடத்துக்குள்ளேயே போய் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு. கணினியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் வரும் பக்கம் கேட்பது இந்த இரண்டாவதைத்தான், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பழைய மோடமாக இருந்தால் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். முதலில் இதை மாற்றுங்கள், அப்புறம் வைஃபையுடையதை.

உள்ளே போனதும் பாதுகாப்பு வகை என்ன என்று பாருங்கள். டபிள்யூஈபி என்று இருந்தால் அது 2001லேயே உடைந்துபோன பூட்டு. டபிள்யூபிஏ2, அதில் ஏஈஎஸ் என்ற குறியாக்க முறை, இது போதும். 2018ல் வந்த டபிள்யூபிஏ3 உங்கள் மோடத்தில் இருந்தால் இன்னும் நல்லது, இப்போது சொன்னேனே, பிடித்துக்கொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது, அது இதில் நடக்காது. டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி இருக்கும், பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பின் எண்ணைப் போட்டு ஏறுவதற்கு, அதை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண் என்பார்கள், ஆனால் மோடம் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கும், கடைசி இலக்கமும் வெறும் கணக்குச் சரிபார்ப்புக்குத்தான், அதனால் அதிகபட்சம் 11,000 தடவை போட்டாலே திறந்துவிடும். இது 2011லேயே வெளியில் வந்த விஷயம்.

சுங்கைக்கரை:

இவ்வளவு எதற்கு? நான் வைஃபை பெயரையே மறைத்து வைத்திருக்கிறேன், தேடினால் தெரியாது. மேக் முகவரி பதிந்த ஃபோன் மட்டும்தான் ஏறும். பாஸ்வேர்டு பழையதுதான், இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை.

பால்மரம்77:

தம்பி, மறைத்த பெயர் உங்கள் ஃபோன் ஏறும் ஒவ்வொரு தடவையும் காற்றில் வெளிப்படையாகத்தான் போகிறது, கேட்கத் தெரிந்தவருக்குக் கேட்கும். மேக் முகவரியும் அப்படியே, பூட்டு போடாமல் போகிறது, பார்த்து அதையே தன் கருவிக்கு வைத்துக்கொள்ளலாம். மறைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதை நம்பிப் பழைய பாஸ்வேர்டை வைத்திருக்காதீர்கள், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

கிராணிவீடு:

அக்கா, வங்கி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதக் கட்டணங்களைக் கணினியில்தான் கட்டுவார். ஒருநாள் வங்கி முகவரியை அவரே சரியாக அடித்தும் திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்தது, இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல என்று. பரவாயில்லை, தொடரவும் என்பதை அழுத்தக் கை போய்விட்டது. நான் அப்போதுதான் சமையலறையிலிருந்து தேநீரோடு வந்தேன், நிறுத்தச் சொன்னேன். என் ஃபோனின் டேட்டாவில் திறந்து பார்த்தால் அதே வங்கிப் பக்கம் எச்சரிக்கை இல்லாமல் வருகிறது. அப்புறம்தான் மோடத்தைப் பார்த்தோம். உள்ளே டிஎன்எஸ் என்ற இடத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத எண்கள். நீங்கள் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது என்று கணினிக்கு வழி சொல்வது அந்த டிஎன்எஸ்தான், அதை மாற்றிவிட்டால் சரியான பெயரை அடித்தாலும் வேறு வீட்டுக்கு அழைத்துப் போகும். மோடத்தின் பாஸ்வேர்டு அட்மின், அட்மின் என்றே இருந்தது, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் திறந்தே கிடந்தது.

அதனால் அக்கா, சாதாரணமாக வங்கித் தளம் ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வழியில் ஓடும், அதே வைஃபையில் இருப்பவர் உங்கள் பாஸ்வேர்டைப் படித்துவிட முடியாது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டிப் போகாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது மோசடிப் புகாருக்கான 997ஐ.

இன்னொன்று. மோடத்தின் பின்னால் ஊசித் துவாரம் இருக்கும், ரீசெட். அவசரப்பட்டுக் குத்தாதீர்கள். நாங்கள் குத்தினோம், இணைப்பு நிறுவனம் உள்ளே போட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்து அழிந்துபோய் இரண்டு நாள் இணையம் இல்லை. முதலில் அவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனைக்காடு:

கணினியையும் கவனியுங்கள் டீச்சர். விண்டோஸில் வீட்டு வைஃபையைத் தனிப்பட்டது என்று வைத்திருந்து கோப்புப் பகிர்வையும் திறந்து விட்டிருந்தால், அதே வைஃபையில் ஏறியவர் உங்கள் கணக்குக் கோப்பு இருக்கும் ஃபோல்டர் வரை வர வாய்ப்புண்டு. பகிர்வை அணையுங்கள். விண்டோஸ் 10 என்றால் அதற்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025ல் முடிந்துவிட்டது, அதையும் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் இருப்பது நம் ஊரில் நடக்காது, அது எனக்கும் தெரியும். நாங்கள் லயத்தில் இருந்த காலத்தில் ஒரு வீட்டு டிவியை ஆறு வீடு பார்த்தோம். அதனால் கெஸ்ட் வைஃபை என்று மோடத்திலேயே தனியாக ஒன்று இருக்கும், அதைத் திறந்து கேட்பவர்களுக்கு அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள், அதில் ஏறுபவர் இணையத்துக்குப் போகலாம், உங்கள் கணினிப் பக்கம் வர முடியாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், யாராவது அதில் தப்பான வேலை செய்தால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் கேள்வி வரும். நான் பள்ளி விடுமுறை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை எப்போதும் மாற்றிவிடுவேன்.

சிப்புட்_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை மதியம் மகளும் நானும் உட்கார்ந்து செய்து முடித்தோம். மோடத்துக்குள் போகும் பாஸ்வேர்டு அட்மினேதான், கிராணிவீடு சொன்னது ஞாபகம் வந்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டிஎன்எஸ் சரியாக இருக்கிறதா என்று நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டோம், சரியாகத்தான் இருக்கிறது. புதுப் பாஸ்வேர்டுக்கு மகள் ஒரு பழைய புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு இடத்தில் திறந்து ஒவ்வொரு சொல் எடுத்தாள், சம்பந்தமில்லாத நாலு சொல், ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் 27 எழுத்து வருகிறது. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது பட்டியலில் ஐந்து. மறுநாள் சாயங்காலமே எதிர் வீட்டுப் பையன் ஃபோனோடு வாசல் கேட் அருகில் வந்து நின்றான், எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளை, கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுத்தேன், அதை மட்டும்.

ஆறாவது பிரிண்டர். அது ஏறவே மாட்டேன் என்கிறது.

பால்மரம்77:

டபிள்யூபிஏ3 வைத்திருப்பீர்கள், பழைய பிரிண்டருக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலந்த வகைக்கு மாற்றுங்கள், அப்புறம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தேடாமல் 2.4ல் ஏற்றிப் பாருங்கள். பாஸ்வேர்டு 27 எழுத்து என்பதால் கலந்த வகையில் வைப்பதற்குப் பயமில்லை.

சிப்புட்_டீச்சர்:

ஏறிவிட்டது தம்பி. வசூல் கணக்கு இப்போது அச்சாகிக்கொண்டிருக்கிறது.